கரைக்கு வந்தும் ஓயாத காது இரைச்சல்

விசைப்படகு இன்ஜின் பக்கத்தில் வருடக்கணக்கில் நின்றவர்களுக்கு, ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி 61 நாள் வீட்டில் இருக்கும்போதுதான் காது இரைச்சல் பெரிதாகத் தெரியும். முற்றிவிட்டது என்று பயந்துவிட வேண்டாம். உட்காதின் நுண்மயிர்ச் செல்கள் சத்தத்தில் அடிபட்டுப்போனால் மூளைக்குப் போகும் ஒலி குறையும். அதை ஈடுகட்ட மூளை தன் கேட்கும் கூர்மையைக் கூட்டிக்கொள்ளும். சுற்றிலும் ஓசை அடங்கினால் அந்த 'கொய்' மட்டுமே மிஞ்சும். அதனால் அமைதியைத் தேடிப் போகாதீர்கள்.

இரவில்தான் பாடு. ஃபேன் ஓடட்டும். போதாவிட்டால் போனில் மழைச் சத்தம் வையுங்கள், ஹெட்போன் இல்லாமல், தலைமாட்டிலிருந்து தள்ளி. அளவுதான் முக்கியம்: வெளிச்சத்தம், காதுச்சத்தம் இரண்டும் கேட்க வேண்டும், வெளிச்சத்தம் கொஞ்சம் தாழ்வாகவே இருக்கட்டும். காதுச்சத்தத்தை முழுக்க அமுக்கிவிட்டால் மூளை அதற்குப் பழகாது. அலைச்சத்தம் போதாதா என்றால், அதை எல்லா மாதமும் நம்ப முடியாது. ஆனி, ஆடியில் தென்கடல் (மன்னார் வளைகுடா) இரையும், வடகடல் (பாக் விரிகுடா) குளமாகக் கிடக்கும். வாடைக்காற்றில் இது தலைகீழ். கரண்ட் போனால் ஃபேனும் நின்றுவிடும், போனில் சார்ஜ் இருக்கட்டும்.

படுத்ததும் மூக்கால் 4 எண்ணி மூச்சை இழுத்து, 6 எண்ணி விடுங்கள், பத்து நிமிடம். அப்படியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து உட்கார்ந்து, வலைக் கிழிசலைப் பார்ப்பது போல மெதுவான வேலை ஏதாவது செய்துவிட்டு, கண் சொக்கும்போது படுங்கள். "இன்னும் கேட்குதா?" என்று மணிக்கொருதரம் காதைச் சோதிப்பதுதான் பெரிய கெடுதல். பழகுவதற்குச் சில மாதம் பிடிக்கும்.

இருக்கிற காதையும் காப்பாற்ற வேண்டும். ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இடம் காதுக்கு ஆகாது. 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். காதில் வைக்கும் நுரை அடைப்பானை விரலால் மெல்லிய குச்சியாக உருட்டி, மறுகையால் காதுமடலை மேலும் பின்னும் இழுத்து உள்ளே வைத்து, விரியும்வரை அரை நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள். பாதி வெளியே துருத்தினால் பயனில்லை. வீட்டில் அதைப் போடவே கூடாது, இரைச்சல் இன்னும் ஓங்கும்.

சங்கு குளிப்பவர்களும் கடல்பாசி எடுக்கும் பெண்களும் தண்ணீருக்குள் அடைப்பான் போட வேண்டாம்; அழுத்தம் அதை உள்ளே தள்ளும். இறங்கும்போது வலிக்கும் முன்பே மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெதுவாக ஊதுங்கள். வலித்தால் மேலே வந்துவிடுங்கள். சளி பிடித்திருந்தால் முங்கக் கூடாது.

காய்ச்சிய எண்ணெய், பட்ஸ், ஊக்கு எதுவும் காதுக்குள் வேண்டாம். குரும்பி (காதழுக்கு) அடைத்தாலும் இரையும்தான். ஆனால் செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா என்று டாக்டர் பார்க்காமல் சொட்டு மருந்து விடக் கூடாது.

ஒரு காதில் மட்டும் இரைச்சல், நாடித்துடிப்போடு சேர்ந்து அடிப்பது, தலைசுற்றல், சீழ் இருந்தால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போய்க் காட்டுங்கள். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே கிளம்புங்கள். சிகிச்சை தள்ளிப்போகப் போக, போன கேட்கும் திறன் திரும்புவது கடினம்.