மிடில் டெம்பிள் கூடத்தில் 'பன்னிரண்டாம் இரவு': செட் போடுவது எப்படி

1602 பிப்ரவரி 2 அன்று லண்டனில் வழக்கறிஞர் சங்கமான மிடில் டெம்பிளின் கூடத்தில் ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு' நாடகம் நடந்ததைச் சட்ட மாணவர் ஜான் மானிங்ஹாம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். கூடம் இன்றும் இருக்கிறது. சுமார் 101 அடி நீளம், 41 அடி அகலம். மேலே இரட்டை ஹேமர்பீம் கூரை, அதாவது சுவரிலிருந்து இரண்டு அடுக்காக நீளும் குறு உத்தரங்கள் தாங்கும் மரக்கூரை. ஒரு கோடியில் இரண்டு வாசலும் மேலே மாடமும் கொண்ட ஓக் தடுப்பு. நாடகத்தில் வரும் சீமாட்டி ஒலிவியாவின் வீட்டை 400 ஆண்டுகளுக்கு முன்பே கட்டி வைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரைப் பேனல் போட்டு மறைக்க வேண்டாம். அந்த வீட்டு வேலையாட்கள் விருந்துக்குத் தூக்கி வரக்கூடிய மேசை, பெஞ்சு, செடித்தொட்டி, விளக்கு, இவ்வளவு போதும்.

பார்வையாளர்களை நீளவாக்கில் இரு பக்கமும் எதிரெதிராக உட்கார வையுங்கள். நடுவே 12 அடி நடிப்புப் பாதை. பக்கத்துக்கு 14½ அடி மிஞ்சும்: சுவரோரம் 4 அடி வெளியேறும் வழி, 3 அடிக்கு ஒன்றாக மூன்று வரிசை, முன்னால் கால் நீட்ட 1½ அடி. இரண்டாம் வரிசை 8 அங்குலம், மூன்றாவது 16 அங்குலம் உயரம். பாதை 10 அடிக்குக் குறைந்தால் வாள்சண்டை முன்வரிசைக்காரர் முழங்காலில் வந்து முடியும். வரிசைகளை உயர்த்தும் பலகைத் தட்டுகளுக்கு உள்ளே பழைய கம்பள விரிப்பை அடைக்காவிட்டால் ஒவ்வொரு காலடியும் மத்தளம்போல் அதிரும்.

கடிதக் காட்சியில்தான் பெரும்பாலான செட்கள் தோற்கின்றன. ஒலிவியாவின் வீட்டு நிர்வாகி மல்வோலியோ அவள் எழுதியதாக நம்பி ஒரு போலிக் கடிதம் படிக்க, அவரை ஏமாற்றும் சர் டோபி (ஒலிவியாவின் உறவினர்), ஆண்ட்ரூ, ஃபேபியன் மூவரும் செடிக்குப் பின்னால் ஒளிந்திருக்க வேண்டும். ஒரே நீளமான வேலி வைத்தால் ஒரு பக்கத்தார் இலையை மட்டும்தான் பார்ப்பார்கள். அதனால் ஆளுக்கொரு தொட்டி: 20 அங்குலச் சதுரம், 16 அங்குல உயரம், அதன்மேல் 3 அடிச் செடி. கீழே அடர்த்தியாகவும் மேல் ஓர் அடி கலைந்தும் இருக்கட்டும். எட்டிப் பார்க்கிற முகம் அங்கேதான் தெரிய வேண்டும். அடியில் நான்கு 3 அங்குலச் சக்கரங்கள், இரண்டுக்கு பிரேக். சாம்பல் நிற மென்ரப்பர் வாங்குங்கள், கறுப்பு ரப்பர் தரையில் கோடு போடும். தொட்டிக்குள் 15 கிலோ மணல் மூட்டை இல்லையென்றால் நடிகர் இழுத்ததும் செடி கவிழ்ந்துவிடும். இழுப்பதற்குத் தொட்டியின் உள்விளிம்பில் கைப்பிடி. செடியைப் பிடித்து இழுக்க விடாதீர்கள். சக்கரம் கிறீச்சிட்டால் சிரிப்பு வசனத்துக்கு முன்பே வந்துவிடும், எண்ணெய் போட்டுப் பாருங்கள். அசல் பாக்ஸ்வுட் (வேலிக்கு வளர்க்கும் அடர்ந்த குறுஞ்செடி) விளக்குச் சூட்டில் வாடி இலை கொட்டும். தீத்தடுப்புச் சான்றுள்ள செயற்கை இலையே மேல்.

பைத்தியம் என்று சொல்லி மல்வோலியோவை அடைத்து வைக்கும் இருட்டறைக்குத் தரையில் குழி தோண்ட முடியாது. 4×3 அடி, 4 அடி உயரமுள்ள சட்டப் பெட்டி செய்யுங்கள். நான்கு பக்கமும் ஓர் அங்குல இடைவெளியில் மெல்லிய மரச்சட்டங்கள். உள்ளே கறுப்பு மஸ்லின். வெல்வெட் போட்டால் குரலை விழுங்கிவிடும். இந்த அறைக்கு பே ஜன்னல்கள் (சுவரிலிருந்து வெளியே புடைத்த ஜன்னல்கள்) இருப்பதாக ஒலிவியாவின் விதூஷகன் ஃபெஸ்டி கேலி செய்வான். கூடத்தில் நிஜமாகவே பே ஜன்னல்கள் உண்டு. பெட்டியை அவற்றின் அருகே வைத்தால் அந்த வசனத்துக்கு இலவசமாக ஒரு சிரிப்பு.

கூரை உத்தரத்தில் எதையும் தொங்கவிடாதீர்கள். கடைசி வரிசைக்குப் பின்னால் 10 அடி ஸ்டாண்டுகளில் எல்இடி வையுங்கள். சாய்வு குறைந்தால் எதிர்வரிசையின் கண்ணில் அடிக்கும். கறுத்த ஓக் வெளிச்சத்தைக் குடித்துவிடும் என்பதால் விளக்கை இரண்டு கூடுதலாகவே கேளுங்கள். புகை இயந்திரம் வேண்டாம், அதன் படிவு கூடத்து ஓவியங்களில் ஒட்டும். மெழுகுவத்திகளும் எல்இடிதான்.

ஆணி, டேப் இரண்டும் கிடையாது. டேப் மெருகை உரித்துக்கொண்டு வரும். வயர்கள் ரப்பர் மூடிக்குள் போகட்டும். இரட்டையரான வயோலாவும் செபாஸ்டியனும் தடுப்பின் இரு வேறு வாசல்களில் வரவேண்டும் என்பதால், தாமதமாக வருகிறவர்களை அந்த வழியாக விடாதீர்கள்.

கூடத்தில் மூத்த வழக்கறிஞர்கள் உண்ணும் 29 அடி நீள மேசையில் யாரும் ஏறக்கூடாது. சர் டோபி குடித்துவிட்டு ஏறி ஆடுவதற்குத் தனியாக 8×2½ அடி மேசை செய்து, கால்களில் ஃபெல்ட் ஒட்டுங்கள். கோப்பைகளில் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள், சாயம் கலந்தால் தரையில் கறை போகாது.