கத்திக்கு ஒரு மரக்கூடு

பினாங்கின் ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக் கத்திகள் எல்லாம் ஒரே இழுப்பறையில் கிடந்தன. விரலில் வெட்டு வாங்கியதும்தான் எனக்கு ரோஷம் வந்தது.

சுவரில் மாட்டும் கத்திக்கூடு செய்ய, 30 செ.மீ. அகலம், 22 செ.மீ. உயரத்தில் ரப்பர் மரப் பலகை இரண்டு போதும். நடுவில் இடைவெளி விட, ஐஸ்கிரீம் குச்சிகளை இரண்டிரண்டாக அடுக்கி, மேலிருந்து கீழாக மரப்பசையால் ஒட்டுங்கள். ஒவ்வொரு கத்திக்கும் ஓர் அறை. ஒட்டும் முன் இருப்பதிலேயே தடித்த கத்தியைச் செருகிப் பாருங்கள். நான் பார்க்கவில்லை, ஆட்டிறைச்சிக் கத்தி இன்னும் இழுப்பறையில்தான்.

பசை காய ஓர் இரவு இறுக்கிக் கட்டி வையுங்கள். அடிப்பக்கத்தை மூட வேண்டாம், தண்ணீர் வடியட்டும். பினாங்கு ஈரத்துக்குப் பூஞ்சை சும்மா விடாது. அதனால் சுவரை ஒட்டாமல், பின்னால் சிறு மரத்துண்டு கொடுத்துத் திருகுங்கள்.

அப்புறம், மரத்துக்கு மினரல் ஆயில் (கெட்டுப்போகாத, வாடையில்லாத எண்ணெய்) பூசலாம். நல்லெண்ணெய் வேண்டாம், சிக்கு வாடை அடிக்கும்.