தமிழ்நாட்டுக்கு டிக்கெட் எடுக்கும் முன்: நேட்டாலில் தேட வேண்டியவை

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் விவசாயம் செய்து தலையெடுத்த குடும்பம் உங்களுடையது. கொள்ளுத்தாத்தாவின் ஊரை ஒருமுறையாவது மிதித்துவிட வேண்டும் என்று ஆசை. ஆனால் நாயுடு, பிள்ளை, முதலி, கவுண்டர் என்ற குடும்பப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு சென்னையில் இறங்காதீர்கள். அந்தப் பெயர்களில் அங்கே ஊருக்கு ஊர் ஆட்கள் இருக்கிறார்கள். தேடலில் முக்கால் பங்கை டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் முடித்துவிட்டுக் கிளம்புவதுதான் சரி.

முதலில் வேண்டியது ஓர் எண். 1860 நவம்பர் 16-ல் சென்னையிலிருந்து 342 பேரோடு டர்பன் வந்த ட்ரூரோ கப்பல் தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்துக் கப்பல் பதிவேட்டில் எழுதினார்கள். ஒரு வரியில் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் எல்லாம் இருக்கும். எந்த முதலாளியிடம் அனுப்பப்பட்டார் என்பதும் தெரியவரும். இடது கன்னத்தில் தழும்பு என்று எழுதியிருப்பதைப் படிக்கும்போது, புகைப்படமே இல்லாத ஒரு மனிதரின் முகம் முதல்முறையாகத் தெரிகிறது. இந்தப் பதிவேடுகள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் இருக்கும் காந்தி-லுத்துலி ஆவண மையத்திலும், டர்பி தெருவில் இருக்கும் 1860 பாரம்பரிய மையத்திலும் கேளுங்கள். வீட்டில் பழைய கல்யாணப் பதிவோ பிறப்புப் பதிவோ இருந்தால் அதில் அந்த எண் எழுதியிருக்க வாய்ப்புண்டு. ஆயாவின் டிரங்குப் பெட்டியை முதலில் திறந்து பாருங்கள்.

உங்கள் ஆளின் வரி கிடைத்ததும் அதோடு நிறுத்திவிடாதீர்கள். மேலே பத்து வரி, கீழே பத்து வரி சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஊர்க்காரர்கள், அண்ணன் தம்பிகள், புருஷன் பெண்டாட்டி பெரும்பாலும் அடுத்தடுத்த எண்களில் இருப்பார்கள். உங்கள் வரியில் கிராமத்தின் பெயர் குழம்பியிருந்தாலும் பக்கத்து வரியில் தெளிவாக இருக்கலாம். வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார்த்தால்தான் பிடிபடும். வந்தவாசியை வாண்டிவாஷ் என்றும் செங்கல்பட்டைச் சிங்கிள்புட் என்றும் எழுதிய காலம் அது.

அப்புறம் நிலம். ஒப்பந்தம் ஐந்து வருஷம். மொத்தம் பத்து வருஷம் இருந்தவர்களுக்கு ஊர் திரும்ப இலவசக் கப்பல் உண்டு. அதற்குப் பதிலாக நிலம் கேட்கவும் 1870-ம் வருஷச் சட்டம் இடம் கொடுத்தது. 1891-ல் அதை எடுத்துவிட்டார்கள். அப்படி நிலம் பெற்றவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் வெள்ளைக்கார நிலக்காரர்களிடம் குத்தகைக்கு எடுத்து, காடு வெட்டி, வாழையும் காய்கறியும் போட்டார்கள். ஒப்பந்தம் முடிந்தும் தங்கியவர்கள் மேல் 1895-ல் விதித்த, வருஷத்துக்கு மூன்று பவுண்டு வரியை 1914 வரை கட்டிக்கொண்டே பயிர் செய்த குடும்பங்களும் உண்டு. அதனால் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவு அலுவலகத்தில் உங்கள் குடும்பப் பெயர் இல்லை என்றால் சோர்ந்துவிட வேண்டாம். இறந்தவரின் சொத்துக் கோப்பைத் தேடுங்கள். அதில் வரும் மரண அறிவிப்பில் பெற்றோர், பிறந்த இடம், மனைவி மக்கள் எல்லாம் கேட்டு எழுதியிருப்பார்கள். என்னைக் கேட்டால், விவசாயக் குடும்பத்துக்கு அதைவிட நல்ல காகிதம் இல்லை. தேசியக் காப்பகத்தின் இணையத் தேடலில் பெயரைப் பல எழுத்துக்கூட்டலில் போட்டுப் பாருங்கள்.

காகிதம் ஓயும் இடத்தில் கோயில் பேசும். தோட்டக்காரர்கள் தாங்கள் பயிர் செய்த இடத்துக்குப் பக்கத்திலேயே கோயில் கட்டினார்கள். கேட்டோ மேனர் அம்பலவாணர் ஆலயம், மவுண்ட் எட்ஜ்கோம்ப், இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில்கள், கிளேர்வுட் முருகன் கோயில் ஆகியவற்றைப் பாருங்கள். உபயக் கற்களில் உள்ள பெயர்களைப் படியுங்கள். பழைய கூட்டக் குறிப்பேடு இருக்கிறதா என்று நிர்வாகிகளைக் கேளுங்கள். ஈஸ்டர் சமயத்தில் போனால் தீமிதிக்கு வரும் பெரியவர்களையும் பார்த்துப் பேசலாம். குடும்பத்தின் தோட்டமே இன்று இல்லாமலிருக்கலாம். இனத்துக்கு ஓர் இடம் என்று ஊரைப் பிரித்த 1950-ம் வருஷத்துக் குழுப் பகுதிச் சட்டம் பல குடும்பங்களின் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டது. டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் வீடுகள் நிற்கும் இடத்தில் முன்பு வாழைத் தோட்டங்கள் இருந்தன. அந்தக் காய்கறி வந்து இறங்கிய டர்பனின் வார்விக் விடியற்காலைச் சந்தை, 1934-ல் தொடங்கியது, இன்றும் நடக்கிறது.

இனி தமிழ்நாடு. பதிவேட்டில் உள்ள ஜில்லா இன்று அப்படியே இல்லை. வட ஆற்காடு என்றால் வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் தேடுங்கள். சித்தூர்ப் பக்கம் ஆந்திராவுக்குப் போய்விட்டது. தென் ஆற்காடு என்றால் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி. சேலம் என்றால் நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் பல கிராமங்கள் இருக்கும் என்பதால் தாலுகா பெயர் இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

ஊரில் முதலில் கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள். பழைய நிலப் பதிவில் உங்கள் ஆள் இருப்பார் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். கப்பலேறியவர்களில் பலருக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. கோயில் பூசாரியும் டீக்கடைப் பெரியவரும்தான் அதிகம் சொல்வார்கள். பதிவேட்டில் உள்ள சாதியைப் பார்த்து ஊர்த் தெருவுக்குப் போவதா, காலனிக்குப் போவதா என்று அவர்களே வழி காட்டுவார்கள். எந்தத் தெருவானாலும் தயங்காமல் போங்கள். அங்கேதான் உங்கள் சொந்தம் இருக்கிறது. ஆடி மாதமோ பொங்கலோ நல்ல சமயம், வெளியூர் போன பிள்ளைகளும் ஊரில் இருப்பார்கள். இன்னொன்று, பேச்சைத் தொடங்கும்போதே நிலத்தில் பங்கு கேட்டு வரவில்லை என்று சொல்லிவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்து தாத்தா பெயரை விசாரித்தால் அந்தப் பயம்தான் முதலில் வரும். அதைத் தீர்த்துவிட்டுக் கப்பல் பதிவேட்டின் நகலைக் கையில் கொடுங்கள்.