காட்டோரத்தில் ஆடு மாடு வளர்க்கிறீர்களா? முதலில் இரவுப் பட்டியைக் கவனியுங்கள்

சரணாலயத்தை ஒட்டி ஆடு வளர்ப்பவருக்கு ஒரே இரவில் பட்டியே காலியாகலாம். சிறுத்தை உள்ளே புகுந்துவிட்டால் பல நேரம் ஒன்றோடு நிறுத்தாது. தப்பிக்க வழியில்லாத ஆடுகள் மிரண்டு சுற்றிச் சுற்றி ஓட, ஓடுவதையெல்லாம் அடித்துப் போடும். அதனால் கையில் இருக்கும் பணத்தை முதலில் பட்டியில் போடுங்கள். விளக்கு, நாய் எல்லாம் அப்புறம்.

1. வந்தது எது என்று பாருங்கள்

பட்டியைச் சுற்றி ஈர மண்ணில் தடம் தேடுங்கள். நகக்குறி பதிந்திருந்தால் பெரும்பாலும் ஓநாய், செந்நாய், நரி அல்லது கழுதைப்புலி. சிறுத்தையும் சிங்கமும் நகத்தை உள்ளிழுத்து நடப்பதால் நகம் பதியாது. பூனை இனம் பெரும்பாலும் குரல்வளையைக் கவ்வும். நாய் இனம் துரத்திக்கொண்டே தொடையைக் கடித்திருக்கும். இதைப் பார்க்காமல் வேலி போட்டால் காசு வீண். சிறுத்தை மேலே ஏறி வரும், ஓநாய் அடியில் தோண்டி வரும்.

2. பட்டியைக் கட்டுங்கள்

சிறுத்தை உள்ள இடத்தில் சுவரை உயர்த்திக்கொண்டே போவதில் பயனில்லை. அது சுமார் 3 மீட்டர் உயரம் தாவும். கூரைதான் வேண்டும். லடாக்கில் பனிச்சிறுத்தை பட்டிக்குள் இறங்குவதே கூரைத் திறப்பு வழியாகத்தான். அங்கே அந்தத் திறப்புக்குக் கம்பி வலை அடித்து, இறுக்கமாகச் சாத்தும் கதவும் வைத்துத்தான் தடுத்தார்கள்.

தோண்டும் விலங்குக்கு வேறு வழி. வலையின் அடிப்பகுதியை வெளிப்பக்கமாக இரண்டு அடி மடக்கி, தரையில் படுக்கவிட்டு, மேலே கல் ஏற்றுங்கள். தோண்ட வருவது வேலியின் ஓரத்தில்தான் தொடங்கும். காலில் கம்பி தட்டும்.

மாட்டுப் பட்டி உள்ளிருந்து வரும் மோதலையும் தாங்க வேண்டும். சிங்கம் வெளியே நின்று மிரட்டியே மாடுகள் வேலியை உடைத்து ஓடும்படி செய்யும். உள்ளே இருப்பது வெளியே தெரியாதபடி அடர்த்தியாக அடைப்பது நல்லது.

கடைசியாகக் கதவு. சுற்றிலும் நன்றாகக் கட்டிவிட்டு, கதவுக்கு அடியில் ஒரு சாண் இடைவெளி விட்டவர்கள் நிறைய பேர். மாலையில் எண்ணி அடையுங்கள், தாழ்ப்பாளைக் கையால் இழுத்துப் பாருங்கள்.

3. மேய்ச்சல்

கூட ஓர் ஆள் போகட்டும், இருட்டுவதற்குள் திரும்பட்டும், ஈனும் நிலையில் உள்ளவை வீட்டருகே நிற்கட்டும். போட்ஸ்வானாவில் மாடுகளின் பின்பக்கத்தில் பெரிய கண்கள் வரைந்து நான்கு ஆண்டுகள் சோதித்தார்கள். கண் வரைந்த 683 மாடுகளில் ஒன்றைக்கூடச் சிங்கமோ சிறுத்தையோ பதுங்கி வந்து கொல்லவில்லை. எதுவும் வரையாத 835 மாடுகளில் 15 போயின. பார்த்துவிட்டார்கள் என்று தோன்றினால் பதுங்கி வரும் விலங்கு பின்வாங்கும்.

4. விளக்கும் நாயும்

கென்யாவில் நைரோபி தேசியப் பூங்கா ஓரத்தில் ரிச்சர்ட் துரேரே என்ற சிறுவன், யாரோ டார்ச்சோடு நடப்பதுபோல் மாறி மாறி மின்னும் விளக்குகளை வைத்துச் சிங்கங்களை விரட்டினான். ஆனால் சிலியில் இதேபோன்ற மின்னும் விளக்குகளைச் சோதித்தபோது பூமா என்ற பெரிய காட்டுப்பூனை ஒதுங்கியது, நரி ஒதுங்கவில்லை. விலங்குகள் பழகியும்விடும். இடத்தை அடிக்கடி மாற்றுங்கள்.

காவல் நாயைக் குட்டியிலேயே ஆடுகளோடு வளருங்கள். அது மந்தையைத் தன் கூட்டமாக நினைக்க வேண்டும். தடுப்பூசி கட்டாயம். நாயின் நோய் காட்டு விலங்குக்கும் தொற்றும்: 1994-ல் நாய்களைத் தாக்கும் டிஸ்டம்பர் நோய் பரவி, ஆப்பிரிக்காவின் செரங்கெட்டி சமவெளிச் சிங்கங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு செத்தது.

5. ஒன்று போய்விட்டால்

கோபம் வரும். ஆனாலும் செத்த ஆட்டில் விஷம் வைக்காதீர்கள். அதைத் தின்னும் கழுகும், உங்கள் நாயும் சேர்ந்து சாகும். அடித்தது திரும்பி வரலாம் என்பதால் இரவில் அந்தப் பக்கம் போகாதீர்கள். விடிந்ததும் உடலை நகர்த்தாமல், தடம், கடிவாய், பட்டியில் புகுந்த இடம் மூன்றையும் படம் எடுத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். இழப்பீடு தரும் இடங்களில் இந்தப் படங்கள் கைகொடுக்கும். புகுந்த ஓட்டையை அன்று மாலைக்குள் அடைத்துவிடுங்கள்.