நாகர்கோவிலிலிருந்து ஊட்டி மலை ரயில்: மேட்டுப்பாளையத்தில் காலை 7.10 வண்டியைப் பிடிப்பது எப்படி?

நம்ம ஊரில் ஊட்டிப் பயணம் என்றால் பெரும்பாலும் வேன்தான். வடசேரியிலோ மார்த்தாண்டத்திலோ ராத்திரி ஏறி, விடிய விடியப் பாட்டுப் போட்டுக்கொண்டு, கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு பேர் வாந்தி எடுத்து, காலையில் தொட்டபெட்டாவில் போய் இறங்குவார்கள். அதற்கு யாரும் வழி சொல்லித் தர வேண்டியதில்லை. இந்தப் பதிவு மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் ஏற நினைக்கும் குமரி மாவட்டக்காரர்களுக்கு.

பக்கத்திலேயே பொன்முடி மலை இருக்கும்போது எதற்கு இவ்வளவு தூரம் என்று கேட்பவர்கள் உண்டு. காலையில் போய் மாலையில் திரும்பப் பொன்முடி போதும், நல்ல இடம்தான். ஆனால் 1899-ல் குன்னூர் வரைக்கும், 1908-ல் ஊட்டி வரைக்கும் போட்ட மலை ரயில் பாதை அங்கே கிடையாது. 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பாதை இது.

1. கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்

எல்லோரும் நாகர்கோவிலில் தொடங்கித் திட்டம் போடுகிறார்கள். "ராத்திரி கோயம்புத்தூர் எக்ஸ்பிரஸில் தூங்கினால் காலையில் கோவை, அப்புறம் மலை ரயில்" என்று கேட்க நன்றாகத்தான் இருக்கும். எங்கள் திட்டம் சிக்கியதும் இங்கேதான்.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏற வழக்கமாக ஒரு நாளைக்கு ஒரே வண்டிதான். அது காலை 7.10-க்குக் கிளம்பிவிடும். நம்ம இரவு ரயில் கோவைக்குப் போய்ச் சேருவதே கிட்டத்தட்ட அந்த நேரத்துக்கு. கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் இன்னும் சுமார் 35 கிலோமீட்டர். நீங்கள் கோவை நடைமேடையில் பெட்டியை இறக்கும்போது அங்கே எஞ்சின் புகைவிட்டுக் கிளம்பியிருக்கும். சென்னைக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. நீலகிரி எக்ஸ்பிரஸ் அவர்களை நேரே மேட்டுப்பாளையத்தில் கொண்டுவந்து விடும், இறங்கி எதிரில் நிற்கும் வண்டியில் ஏறினால் போதும். இணையத்தில் கிடைக்கும் பயணக் குறிப்புகளில் பாதி அவர்களுக்காக எழுதியவை என்பதால் நம் சிக்கல் அவற்றில் வரவே வராது.

ஆகவே முதல் முடிவு: முந்தின இரவு மேட்டுப்பாளையத்தில் தங்க வேண்டும். இதற்கு மூன்று வழி.

எனக்குப் பிடித்தது பகல் ரயில். காலையில் நாகர்கோவில் சந்திப்பிலிருந்து கிளம்பும் கோவை வண்டி, திருநெல்வேலி, மதுரை, திண்டுக்கல், கரூர், ஈரோடு என்று சுற்றிக்கொண்டு இரவு கோவை போய்ச் சேரும். நாள் முழுக்க உட்கார வேண்டும், உண்மைதான். ஆரல்வாய்மொழி காற்றாடிகள் போனபின் பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் ராத்திரி மேட்டுப்பாளையத்தில் கால் நீட்டிப் படுக்கலாம். கோவையிலிருந்து இரவிலும் பேருந்து இருக்கிறது.

இரண்டாவது, இரவு ரயிலிலேயே போய், கோவையில் ஒரு பகலைக் கழித்துவிட்டு மாலையில் மேட்டுப்பாளையம் போவது. மருதமலை பார்க்காதவர்களுக்கு இது சரி.

மூன்றாவது இரவுப் பேருந்து. விடியும் முன்பே கோவையில் இறக்கிவிடும் என்று நம்பி ஏறுவது. நான் சொல்லமாட்டேன். சிங்காநல்லூரில் இறக்கிவிட்டால் அங்கிருந்து காந்திபுரம் போய் வண்டி மாற வேண்டும். குழந்தை, பெட்டி, அரைத் தூக்கம், இதோடு 7.10-ஐத் துரத்துவது உல்லாசப் பயணமில்லை.

2. டிக்கெட்

ஐ.ஆர்.சி.டி.சி.யில் பதிவு செய்யத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். இறங்கும் இடத்தில் ஊட்டி என்று தேடாமல் உதகமண்டலம் என்று தேடுங்கள், குறியீடு யு.ஏ.எம். ஏறும் இடம் மேட்டுப்பாளையம், எம்.டி.பி.

முன்பதிவு 60 நாளுக்கு முன் காலை 8 மணிக்குத் திறக்கும். முன்பு 120 நாள் இருந்தது, 2024 நவம்பரில் குறைத்துவிட்டார்கள். கோடை விடுமுறைக்கும் பூஜை விடுமுறைக்கும் இடம் வேண்டுமானால் அந்த 8 மணிக்குக் கணினி முன் இருக்க வேண்டும். கணக்கில் ஆதாரை முன்கூட்டியே சரிபார்த்து வையுங்கள். பதிவு திறக்கும் நேரத்தில் ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்குத்தான் வழி விடுகிறார்கள்.

முக்கியமானது வரிசை. முதலில் மலை ரயில் டிக்கெட். அது உறுதியானபின் நாகர்கோவில் – கோவை டிக்கெட். கோவைக்குப் போக நூறு வழி இருக்கிறது, மலை ஏற ஒரு வண்டிதான்.

ஊட்டி வரை இடமில்லை என்றால் குன்னூர் வரை போட்டுப் பாருங்கள். பெரிய நஷ்டமில்லை. கல்லாறு முதல் குன்னூர் வரைதான் பல்சக்கரப் பாதை, நீராவி எஞ்சினும் குன்னூர் வரைதான். குன்னூரில் டீசல் எஞ்சின் மாட்டிவிடுவார்கள். மிச்சமுள்ள தூரத்துக்குப் பேருந்து நிறைய உண்டு. குன்னூர் – ஊட்டிக்கு இடையே தனியாக ஓடும் ரயில்களும் இருக்கின்றன. காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் இணைய டிக்கெட்டை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். பயணிகள் பட்டியல் தயாரானதும் அது தானாக ரத்தாகிவிடும்.

இன்னொன்று, மாதம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கல்லாறு – குன்னூர் பகுதியில் மண் சரிந்து பாறை விழுவது வழக்கம். ரயிலை நாள்கணக்கில் நிறுத்திவிடுவார்கள். பணம் திரும்ப வந்துவிடும், விடுமுறை திரும்ப வராது. கிளம்பும் முன் வண்டி ஓடுகிறதா என்று பார்க்க ரயில்வேயின் சொந்தச் செயலியான என்.டி.இ.எஸ். போதும். விளம்பரத்தோடு வரும் மற்ற செயலிகளை நான் எப்போதோ தூக்கிவிட்டேன்.

3. வண்டிக்குள்

காலை 6.30-க்கே நிலையத்துக்குப் போய்விடுங்கள். எஞ்சினை அருகில் பார்க்க அதுதான் நேரம். மலை ஏறும்போது எஞ்சின் வண்டிக்குப் பின்னால் இருந்து தள்ளும், முன்னால் இழுக்காது. அதனால் முதல் பெட்டிக்கு முன்னே எதுவும் மறைக்காது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்காளர் நின்று, விசில் சத்தத்துக்கு ஏற்றபடி கையால் பிரேக் போடுவார்.

கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே எட்டிப் பாருங்கள். பல் வைத்த இரும்புப் பட்டைகள் இரண்டு ஒட்டி ஓடும். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம். சக்கரத்தின் பல் ஒரு பட்டையில் நழுவும் கணத்தில் மற்றப் பட்டையில் பிடித்திருக்க வேண்டும் என்பதற்காக இப்படி. இந்தப் பாதையில் 12.5 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏறும் இடங்கள் இருக்கின்றன. வெறும் சக்கரம் அங்கே வழுக்கிவிடும். எஞ்சினில் இரண்டு வேலைக்கும் தனித்தனி சிலிண்டர்கள்: ஒரு ஜோடி சக்கரத்தைச் சுற்றும், இன்னொரு ஜோடி பல்சக்கரத்தைச் சுற்றும். மேட்டில் ஏறும்போது 'டக்டக்' சத்தம் இரட்டிப்பதைக் காது கொடுத்துக் கேட்டால் தெரியும்.

வேகம் நம்ம ஊர் சைக்கிள்காரர் வேகம்தான். 46 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 5 மணி நேரம். 208 வளைவு, 16 குகை, 250 பாலம். எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க நடுவில் நிற்கும்போது எல்லோரும் இறங்குவார்கள். ஹில்குரோவ் நிலையத்தில் கையில் நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தோடு இறங்க வேண்டாம், அங்குள்ள குரங்குகள் அனுமதி கேட்பதில்லை.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் நீலகிரி மாவட்டம் முழுக்கத் தடை, பிடித்தால் அபராதம். எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள்.

4. ஊட்டியில் என்ன பார்ப்பது

படகு இல்லத்தையும் தாவரவியல் பூங்காவையும் எப்படியும் பார்ப்பீர்கள். நான் சொல்வது மற்ற இரண்டு.

கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1822-ல் கட்டத் தொடங்கிய 'ஸ்டோன் ஹவுஸ்' ஊட்டியின் முதல் ஐரோப்பியக் கட்டடம். மலைமக்கள் கல் பங்களா என்றார்கள். இப்போது அது அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. கல்லூரி நடக்கும் இடம் என்பதால் வாசலில் கேட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். ஏரியை வெட்டியதும் இவர் காலத்தில்தான். பிறகு ஊட்டி சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகரானது.

அடுத்தது புனித ஸ்டீபன் தேவாலயம். 1829-ல் அடிக்கல் நாட்டியது. உள்ளே போனதும் அண்ணாந்து பாருங்கள். கூரையைத் தாங்கும் பெரிய உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து வந்தவை. அந்தக் காலத்தில் அவ்வளவு பெரிய மரத்தை இந்த மலை மேல் ஏற்றியது எப்படி என்று யோசித்தால் தலை சுற்றும். பின்னால் உள்ள கல்லறைத் தோட்டத்தில் நிதானமாக நடக்கலாம்.

ஸ்வெட்டர் நம்ம ஊரில் வாங்க வேண்டாம். கிடைப்பது மெல்லிசு, விலையும் கூடுதல். பூங்கா பக்கத்தில் திபெத்தியர் சந்தையில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் முதல் நாளுக்கு ஒரு சால்வையாவது கையில் வேண்டும். 2,200 மீட்டருக்கு மேல் உள்ள ஊர், டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும்.

பின்சேர்க்கை: காரில் வருவோருக்கு

இந்தப் பதிவைப் படித்த ஒருவர், ரயிலில் போவோருக்கும் இ-பாஸ் வேண்டுமா என்று கேட்டிருந்தார். வேண்டாம். அரசுப் பேருந்துக்கும் வேண்டாம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் சுற்றுலா வாகனங்களுக்குத்தான் இ-பாஸ். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை ஊட்டிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனம் என்று எண்ணிக்கையும் கட்டினார்கள். அதனால் சீசனில் கடைசி நேரத்தில் பாஸ் கிடைக்கும் என்று இருந்துவிடாதீர்கள்.

பாஸ் வண்டி எண்ணுக்குத்தான், ஆளுக்கு இல்லை. வாடகை வேன் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான். கிளம்பும் அன்று "அந்த வண்டி ரிப்பேர், வேற வண்டி அனுப்புறேன்" என்று சொன்னால், ஏறும் முன் புதிய எண்ணுக்குப் பாஸ் எடுத்துவிடுங்கள். எடுத்த பாஸை செல்போனில் படமாகச் சேமித்து வையுங்கள். சோதனைச் சாவடியில் சிக்னலைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம்.

இன்னொரு பின்சேர்க்கை: மார்த்தாண்டம் பக்கம், அப்புறம் திரும்பும் வழி

குழித்துறையில் ஏறுபவர்கள் நாகர்கோவிலுக்கு வர வேண்டியதில்லை. கன்னியாகுமரி – பெங்களூரு ஐலண்ட் எக்ஸ்பிரஸ் திருவனந்தபுரம், பாலக்காடு, கோவை வழியாகத்தான் போகிறது. பகலில் ஏறினால் இரவில் கோவை.

திரும்பும்போது மலை ரயில் பகல் 2 மணிக்கு ஊட்டியில் கிளம்பி மாலை 5.35-க்கு மேட்டுப்பாளையம் வரும். அன்று இரவே கோவையில் நாகர்கோவில் ரயிலைப் பிடிக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். கணக்கில் வரும், ஆனால் மலை ரயில் அரை மணி தாமதித்தால் போச்சு. இறங்கும்போது பேருந்தில் கோத்தகிரி வழியாக வாருங்கள். பக்கத்தில் கன்னேரிமுக்கில் சல்லிவனின் பழைய பங்களாவை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். காலையில் கிளம்பினால் அதையும் பார்த்துவிட்டு, மாலை 5 மணிக்குள் கோவை ரயில் நிலையத்துக்கு எதிரே நிதானமாகச் சாப்பிடலாம்.