சாம்பல் அணிலைத் தேடிப் போகிறீர்களா?

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் சாம்பல் நிற அணிலைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் தரையைப் பார்ப்பதை விட்டுவிடுங்கள், அது பெரும்பாலும் மரத்தை விட்டு இறங்காது. ஓடைக்கரையில், கிளைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நிற்கும் உயரமான மரங்களாகப் பார்த்து நில்லுங்கள். கிளைக்கவையில் இலையும் குச்சியும் சேர்த்துக் கட்டிய பெரிய உருண்டை தெரிந்தால் அதுதான் கூடு. காலையிலோ வெயில் தாழ்ந்த பிறகோ போங்கள், நடுப்பகலில் அது படுத்துக் கிடக்கும். வனத்துறை அனுமதி கட்டாயம் வேண்டும். 1988இல் சரணாலயமான இந்தக் காடு 2021 முதல் புலிகள் காப்பகத்திலும் சேர்ந்துவிட்டது.

தீனி போடாதீர்கள், கூட்டுக்கு அடியிலேயே நிற்காதீர்கள்.

அப்புறம், காட்டை ஒட்டி மாந்தோப்போ புளியந்தோப்போ வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த அணிலுக்குக் கிளைதான் பாதை, நடுவில் ஒரே ஒரு மரத்தை வெட்டினாலும் அது தரையில் இறங்கித்தான் அடுத்த மரத்துக்குப் போக வேண்டியிருக்கும், அங்கே நாய் பிடித்துவிடலாம், வண்டியில் அடிபடலாம். அதனால் கவாத்து செய்யும்போது பக்கத்து மரத்தைத் தொடும் கிளைகளை மட்டுமாவது விட்டுவையுங்கள், அரிவாளை எடுக்கும் முன் மேலே கூடு இருக்கிறதா என்று ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.