“ஒரே ஒரு சின்ன டவுட்”: புதிய மாணவ ட்யூட்டர் சமாளிப்பது எப்படி?

சக மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலையில் சேர்ந்தால் சீக்கிரமே இது நடக்கும். இரவு 11:40க்கு “ஒரே ஒரு சின்ன டவுட்” என்று மெசேஜ், பின்னாலேயே நான்கு பக்க அசைன்மென்ட்டின் போட்டோ. அனுப்பியவரைத் திட்டாதீர்கள், உங்கள் நேரம் எது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

1. முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். “செவ்வாய், வியாழன் 4 முதல் 6 வரை இருப்பேன். நடுவில் டவுட் வந்தால் நோட்டில் குறித்து எடுத்துட்டு வா.” இந்த இரண்டாவது வரியை விட்டுவிடாதீர்கள், வெறும் நேரத்தை மட்டும் சொன்னால் கதவைச் சாத்தின மாதிரி இருக்கும்.

2. சொந்த நம்பரைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது. கொடுத்தாச்சா? சரி, அந்த சாட்டை மியூட் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் 8 மணி நேரம், 1 வாரம், எப்போதும் என்று மூன்று வழி இருக்கிறது. தனி நம்பர் இருந்தால் வாட்ஸ்அப் பிசினஸ் இன்னும் வசதி, நீங்கள் குறித்த நேரத்துக்கு வெளியே வரும் மெசேஜுக்கு அதுவே பதில் அனுப்பிவிடும்.

3. பதில் எழுதும்போது காரணம் சொல்லாதீர்கள். இங்கேதான் பலரும் மாட்டுகிறோம். நான் ஒருமுறை “நாளைக்கு எனக்கு எக்ஸாம்” என்று நல்லபிள்ளையாக எழுதினேன், மறுநாள் ஹாலை விட்டு வெளியே வந்து போனை ஆன் செய்தால் “முடிஞ்சதா? இப்போ சொல்றியா?” என்று காத்திருந்தது. காரணம் சொன்னால், அது எப்போது தீரும் என்று எதிராளி எண்ண ஆரம்பித்துவிடுவார். இப்படி எழுதிப் பாருங்கள்: “பார்த்தேன். வியாழன் 4 மணிக்கு முதல்ல இதையே எடுப்போம். அதுக்குள்ள எந்த வரியில சிக்குதுன்னு மட்டும் வட்டம் போட்டு வை.” பாதிப் பேர் வட்டம் போடும்போதே விடையைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

4. “நீயே முடிச்சுக் குடுத்துடேன்” என்பது நேரப் பிரச்சினையே இல்லை, டியூட்டி நேரத்தில் கேட்டாலும் முடியாதுதான். மாட்டினால் இரண்டு பேருக்கும் சிக்கல்.

5. நெருங்கிய நண்பர்கள்தான் கஷ்டம். ஒருவருக்கு மட்டும் நள்ளிரவில் சொல்லிக் கொடுத்தால் மறுநாளே நாலு பேருக்குத் தெரிந்துவிடும், அதனால் அவர்களுக்கும் அதே பதில்தான்.

6. பாட டவுட்டே இல்லாமல், “எதுவுமே பிடிக்கல, இருக்கவே வேணாம்னு தோணுது” என்று ஒரு மெசேஜ் வந்தால் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. உடனே கூப்பிட்டுப் பேசுங்கள், தனியாகச் சமாளிக்கப் பார்க்காமல் கல்லூரி ஆலோசகருக்கோ பொறுப்பாசிரியருக்கோ அந்த இரவே சொல்லுங்கள்.